கையெழுத்துப் போடும் முன்: கலிபோர்னியா வழக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மாணவர் விசாவில் இருக்கும் என் மகள், சான் ஹோசேயில் ஒரு கடையில் 60 டாலர் பொருளுக்குப் பணம் கட்டாமல் வெளியே வந்து பிடிபட்டாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை கிடையாது, ப்ரொபேஷன்தான் (சிறைக்குப் பதிலாக நீதிமன்ற நிபந்தனைகளின் கீழ் வெளியே இருப்பது) என்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லிவிடாதீர்கள். ப்ரொபேஷன் என்பது குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு வருவது. 2021 முதல் மிஸ்டிமீனர் என்னும் சிறு குற்றத்துக்குச் சாதாரணமாக ஓராண்டுக்கு மேல் போவதில்லை என்பதால் பலருக்கு லேசாகத் தெரிகிறது. ஆனால் குடிவரவுச் சட்டத்தின் கணக்கு வேறு. ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தாலே அது குற்றத்தீர்ப்புதான். பின்னால் மாநில நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தாலும் பெரும்பாலும் அழியாது. திருட்டு என்றால் விசாவுக்கே ஆபத்து வரலாம்.

அவளுக்கு டைவர்ஷன் கேளுங்கள், அதாவது குற்றவாளி என்று தீர்மானிக்காமலே வழக்கை நிறுத்திவைக்கும் வழி. தண்டனைச் சட்டம் 1001.95-ஆம் பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் எதிர்த்தாலும் நீதிபதி வழக்கை 24 மாதம் வரை நிறுத்திவைக்கலாம். வகுப்பு, சமூக சேவை, கடைக்கு நஷ்டஈடு என்று நிபந்தனை போடுவார். முடித்தால் வழக்கு தள்ளுபடி. இதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, அதுதான் இதன் உயிர். அரசு வழக்கறிஞர் தனியாக ஒரு டைவர்ஷன் தருகிறேன் என்றால், 'செய்தேன்' என்ற வாசகம் அந்தத் தாளில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். நாடு கடத்தும் ஆபத்தை வழக்கறிஞர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. கேட்பது உங்கள் மகளின் உரிமை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குக்கும் இந்த டைவர்ஷன் கிடைக்குமா?

பதில்: இந்தப் பிரிவில் கிடைக்காது. வாகனச் சட்டம் தடுக்கிறது, மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் அப்படியே தீர்ப்பளித்திருக்கின்றன. ப்ரொபேஷனும் 3 முதல் 5 ஆண்டு. இன்னொன்று, கைதானதற்கே பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை ரத்து செய்யலாம். அப்படியானால் ஊருக்குப் போய்த் திரும்புவது சிக்கலாகலாம், அதனால் வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

கேள்வி: டைவர்ஷன் முடிந்தால் கைதே நடக்காத மாதிரி என்கிறார்களே, குடியுரிமை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?

பதில்: கட்டாயம் எழுதுங்கள். 'நடக்காத மாதிரி' என்பது மாநிலச் சட்டம். விண்ணப்பப் படிவமோ, தள்ளுபடியான கைதையும் கேட்கிறது. மறைத்தால் அதுவே தனிப் பிரச்சினையாகும். பதிவை மூடி முத்திரை வைக்கும் முன், தள்ளுபடி உத்தரவின் சான்றளித்த நகல் இரண்டை நீதிமன்ற அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் தேடினால் கிடைப்பது கஷ்டம்.