"ஆயர் இல்லத்துக்குச் சொல்லியாச்சு" என்றால் கடமை முடிந்ததா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கத்தோலிக்க நிர்வாகம் நடத்தும் நிதியுதவிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்கு பி.டி. சார் கூப்பிட்டு உடம்பில் கை வைக்கிறார் என்று ஏழாம் வகுப்பு மாணவி என்னிடம் சொல்லி அழுதாள். அப்பா, அம்மா பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளை பாட்டியிடம் வளர்கிறாள், வீட்டில் தெலுங்கு. தலைமையாசிரியை சிஸ்டரிடம் அன்றே சொன்னேன். "ஆயர் இல்லத்துக்குச் சொல்லியாச்சு, அவங்க விசாரிப்பாங்க. பெத்தவங்க வரட்டும், நீங்க வெளியே பேசாதீங்க டீச்சர்" என்கிறார். நான் கண்ணால் பார்க்கவில்லை. பொய்யாகிவிட்டால் என் மேல் வழக்கு வருமா? வேலை போகுமா?

பதில்: இன்றே போலீசில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். சிஸ்டரிடம் சொன்னதால் உங்கள் சட்டக் கடமை முடிந்துவிடவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012, பிரிவு 19 தகவல் சொல்ல வேண்டிய இடமாகக் குறிப்பிடுவது இரண்டையே: சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவு, உள்ளூர் காவல் நிலையம். தலைமையாசிரியர், தாளாளர், பங்குத்தந்தை, ஆயர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாதவருக்குப் பிரிவு 21-இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். சிஸ்டருக்கு இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் அது நல்லது. 2024 ஆகஸ்டில் பர்கூர் பகுதித் தனியார் பள்ளியில் மாணவிகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான போலி என்.சி.சி. முகாம் வழக்கை நம் மாவட்டம் மறக்கவில்லை. போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் அதில் கைதானார்கள்.

"24 மணி நேரம் டைம் இருக்கு" என்று பலர் சொல்வார்கள். அந்தக் கெடு போலீசுக்கானது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அவர்கள் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஓர் அவகாசம் கிடையாது. பெற்றோர் ஊருக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். புகார் கொடுக்க அவர்கள் சம்மதம் தேவையில்லை.

திருச்சபை விசாரணை பற்றி. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் கொண்டுவந்து 2023-இல் நிரந்தரமாக்கிய விதிகள் குருக்கள், துறவியர் மீதான புகார்களுக்கானவை. உங்கள் பி.டி. சார் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்) என்றால் அந்த விதிகள் அவரைத் தொடுவதே இல்லை. குருவே குற்றம் சாட்டப்பட்டாலும், அரசிடம் புகார் செய்யும் சட்டக் கடமைக்கு இவை குறுக்கே நிற்காது என்று அந்த விதிகளே சொல்கின்றன. ஆயரின் நிர்வாகமான மறைமாவட்டம் தன் பங்குக்கு விசாரிக்கட்டும், ஆனால் போலீசுக்குப் பிறகு. முன்னால் விசாரித்தால் என்ன ஆகிறது? பிள்ளையை நாலு பேர் நாலு முறை கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறும். அந்த மாற்றத்தைத்தான் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். இதற்கிடையில் அந்த ஆள் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனால் அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறுபான்மை நிறுவனங்களுக்கான அரசியலமைப்பு உரிமை குற்றவியல் சட்டத்திலிருந்து யாருக்கும் விலக்கு தருவதில்லை.

நீங்கள் பார்க்காதது ஒரு தடையே இல்லை. துப்பறிவது போலீசின் வேலை. கெட்ட எண்ணத்தோடு, அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ பொய்ப் புகார் கொடுத்தால்தான் பிரிவு 22 பாயும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் வராது என்று பிரிவு 19(7) உறுதி தருகிறது. "சும்மா தட்டிக் கொடுத்தார், துணிமேல்தானே" என்று யாராவது சமாதானம் சொன்னால், பாலியல் நோக்கம் இருந்தால் துணிமேல் தொட்டாலும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. பள்ளி ஊழியர் அந்தப் பள்ளிக் குழந்தையிடம் செய்தால் அது கடுமையான குற்றம். பிரிவு 10-இன்படி 5 முதல் 7 ஆண்டு வரை சிறை.

புகாரில் சட்டப் பிரிவு எதுவும் எழுத வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே வைத்து அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்பதை அவள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். தெலுங்கில் சொல்லியிருந்தால் தெலுங்குச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். திருத்தி நல்ல தமிழாக்கினால் பின்னால் அவள் வாக்குமூலத்தோடு ஒத்துப்போகாது. சிஸ்டரிடம் சொன்ன நேரத்தையும் அவர் தந்த பதிலையும் சேருங்கள். அவளை மறுபடி கூப்பிட்டு விவரம் கேட்காதீர்கள். கடிதம் எழுதி வாங்காதீர்கள். அந்த ஆளின் முன்னால் நிறுத்தவே கூடாது. அவர் மெசேஜ் அனுப்பியிருந்தால் போன் அப்படியே இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பள்ளியில் சிசிடிவி இருந்தால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லிப் புகாரிலேயே கேளுங்கள். சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையமும் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். அடிக்கடி கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டும்) கொடுத்து "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்பார்கள். அது போதாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் போக்சோ சிறப்பு நீதிமன்றத்தில் நேரடிப் புகார். தகவலைப் பதியாத போலீசாருக்கும் பிரிவு 21 தண்டனை உண்டு. 1098-ஐக் கூப்பிடுங்கள், உதவிக்கு ஆள் வரும். ஆனால் பெயர் சொல்லாத போன் அழைப்பை மட்டும் நம்பி இருந்துவிட்டால், நீங்கள் புகார் செய்ததற்குக் கையில் சான்று இருக்காது.

பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத போலீசார், கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, அவள் சொல்வதைப் பதிய வேண்டும். பெற்றோர் இல்லாவிட்டால் அவள் நம்பும் ஒருவர், இங்கே பாட்டி, கூட இருக்கலாம். தெலுங்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அவள் உரிமை. இதை முதல் நாளே கேட்டு வையுங்கள், வேப்பனப்பள்ளி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைகளின் வாக்குமூலம் மொழி மாறும் இடத்தில்தான் சிதையக்கூடும். மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவரே செய்ய வேண்டும். அவள் பெயரையோ அடையாளத்தையோ ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

பாட்டியிடம் யாராவது சமரசம் பேச வரலாம், பணமும் தருவார்கள். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை மாணவியின் தந்தை சமாதானமாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொல்லி வழக்கை உயிர்ப்பித்தது. பாட்டிக்கு இதைப் புரியும்படி சொல்லி வையுங்கள்.

வேலை விஷயம். நிர்வாகம் பழிவாங்காது என்று நான் வாக்குத் தர முடியாது. அதனால்தான் எஃப்.ஐ.ஆர். தேதி முக்கியம், அதற்குப் பிறகு வரும் மெமோ எதற்காக வந்தது என்பதை அந்தத் தேதியே காட்டும். மெமோ வந்தால் தனியாகப் பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. அந்தப் பிள்ளைக்கும் அதே இடத்தில் வக்கீல் கேட்கலாம். வழக்கு முடியும்வரை பிள்ளைக்கு உதவியாக இருக்கும் துணைநபர் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் குழந்தைகள் நலக்குழுவிடம் மனுக் கொடுங்கள், இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட அவர் துணையிருப்பார்.