விண்ணில் எங்கோ நட்சத்திரங்கள் வெடிக்கும்போதோ இணையும்போதோ திடீரெனப் பாயும் காமா கதிர் வெடிப்பு சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. அப்படியிருக்க அதை எப்படிக் கவனித்து, எப்படி மாதிரியாக்கி அதன் தூரம், ஆற்றல், வேகம் எல்லாவற்றையும் சொல்கிறார்கள்?

அந்தச் சில நொடிகளை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகள் சொல்ல முடியாமல்தான் இருந்தார்கள்.

அணுகுண்டுச் சோதனைத் தடையை யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்களில் 1967 ஜூலையில் முதல் வெடிப்பு பதிவானது. 1973இல்தான் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் விண்கலத்தின் பேட்ஸி கருவி ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைப் பதிந்தது. அவை வானத்தின் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருந்தன. அது பெரிய துப்புதான், ஆனால் தூரம் அதில் இல்லை. 1995இல் வாஷிங்டனில் இதற்காகவே ஒரு பொது விவாதம் நடந்தது. நம் பால்வீதியைச் சூழ்ந்த பகுதியில் நடப்பவை என்று டான் லாம்ப் வாதாடினார். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடப்பவை என்று போடன் பச்சின்ஸ்கி வாதாடினார். இரண்டு பேருக்கும் அப்போது கையில் இருந்தது ஒரே தரவு.

முடிச்சை அவிழ்த்தது பின்னொளி. வெடிப்பு ஓய்ந்த பிறகு அதே இடத்தில் எக்ஸ்ரே, கண்ணுக்குத் தெரியும் ஒளி, ரேடியோ அலை ஆகியவற்றில் மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மங்கிக்கொண்டே போகும் வெளிச்சம் அது. நான் வேலை செய்வது இந்தப் பின்னொளித் தரவுகளில்தான், அதனால் என் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். வெடிப்பைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அது மங்கும் விதத்திலிருந்து வந்தது என்பது என் கருத்து.

1997 பிப்ரவரி 28 அன்று வந்த வெடிப்பை இத்தாலி-நெதர்லாந்து செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ் பிடித்தது. சுமார் எட்டு மணி நேரத்தில் தன் எக்ஸ்ரே தொலைநோக்கிகளை அந்தத் திசைக்குத் திருப்பியபோது அங்கே மங்கிக்கொண்டிருந்த புதிய எக்ஸ்ரே ஒளிமூலம் ஒன்று தெரிந்தது. வெடித்து 21 மணி நேரத்துக்குள் யான் வான் பாராடைஸ் குழுவினர் லா பால்மா தீவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் அதே இடத்தைப் படமெடுத்திருந்தார்கள். சில நாள் கழித்து எடுத்த படத்தில் ஒரு புள்ளி காணாமல் போயிருந்தது. அடுத்து மே 8 அன்று வந்த வெடிப்பின் பின்னொளியை ஹவாயின் கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பிரித்தது. அதில் வழியிலுள்ள வாயு ஒளியை விழுங்கியதால் உண்டான உட்கவர் கோடுகளின் செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்சம் விரிவதால் அவை சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, 0.835. அதாவது வெடிப்பு குறைந்தது அவ்வளவு தொலைவிலாவது நடந்திருக்க வேண்டும். பச்சின்ஸ்கி சொன்னது சரி என்று ஆனது.

அதே மே 8 வெடிப்பின் ரேடியோ பின்னொளி முதல் சில வாரங்கள் மினுங்கிவிட்டு, பிறகு நிதானப்பட்டது. இடையிலுள்ள வாயுவால் சிறிய மூலங்கள் மினுங்கும், பெரிதானால் நின்றுவிடும். ஆக, மினுக்கல் நின்ற நாளே மூலத்தின் அளவைக் கொடுத்துவிட்டது: சுமார் ஒரு லட்சம் கோடி கிலோமீட்டர். எந்தத் தொலைநோக்கியாலும் நேரடியாகப் பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றின் அளவு இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுதான்.

காமா கதிர்களால் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகத்தைப் பற்றிய முதல் துப்பு அங்கிருந்துதான் வந்தது. பல வெடிப்புகளில் வெளிச்சம் சில மில்லிநொடிகளில் ஏறி இறங்குகிறது. ஒரு மில்லிநொடியில் ஒளி 300 கிலோமீட்டர்தான் போகும், எனவே ஒளிரும் இடம் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று தோன்றும். அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை காமா ஃபோட்டான்களை அடைத்தால் அவை ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளாகிவிடும், வெளியே எதுவும் தப்பாது. ஆனால் தப்பி வருகிறது! ஒளிரும் பொருள் நம்மை நோக்கி லோரென்ட்ஸ் காரணி 100 அல்லது அதற்கு மேல், அதாவது ஒளியின் வேகத்தில் 99.995 சதவீதத்துக்குக் குறையாமல் பாய்ந்து வந்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

அப்படிப் பாயும் பொருள் வழியிலிருக்கும் வாயுவை மோதி வாரிக்கொண்டே போகிறது. முன்னால் ஓர் அதிர்வலை உருவாகி எலக்ட்ரான்களை முடுக்குகிறது. அவை காந்தப்புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் ஒளியை வீசுகின்றன. வாயு சேரச் சேர வேகம் குறைய, ஒளி எக்ஸ்ரேயிலிருந்து மெல்ல ரேடியோ பக்கம் இறங்குகிறது. இதில் காலமும் சுருங்கித் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. காரணி 100 உள்ள அதிர்வலை அந்த லட்சம் கோடி கிலோமீட்டரைக் கடக்க 38 நாட்களுக்கு மேல் ஆகும். தன் ஒளியின் பின்னாலேயே அது ஓடி வருவதால், அந்தப் பயணம் முழுவதும் நம் கடிகாரத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

சரி, கவனிப்பது எப்படி? 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் இதை மாற்றியமைத்தது. வெடிப்பைக் கண்டதும் யாரையும் கேட்காமல் தானே திரும்பி, ஒன்றிரண்டு நிமிடத்தில் எக்ஸ்ரே தொலைநோக்கியைக் குறிவைத்துவிடும். இருப்பிடம் சில ஆர்க் நொடித் (ஒரு ஆர்க் நொடி ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) துல்லியத்தில் கிடைக்கும். 2008இல் ஏவிய ஃபெர்மி வானத்தின் பெரும்பகுதியை ஒரே நேரத்தில் பார்க்கிறது, ஆனால் அதன் வெடிப்புக் கண்காணிப்புக் கருவி தரும் இருப்பிடம் பல பாகை அகலமாக இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க அகன்ற பார்வையுள்ள தரைத் தொலைநோக்கிகள் வேண்டும். செய்தி எல்லாருக்கும் போவது நாசா நடத்தும் ஜிசிஎன் அறிவிப்பு வலை வழியாக. யார் எந்த நிற வடிகட்டியில் எப்போது பார்த்தார்கள், எவ்வளவு பிரகாசம் என்று அவரவர் சின்னச் சின்னக் குறிப்பாக அதில் போடுவார்கள்.

“பார்த்தோம், எதுவும் தெரியவில்லை, இந்தப் பிரகாசத்துக்கு மேல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்” என்று வரும் குறிப்புகளும் எனக்கு முக்கியம். தவறான மாதிரி ஒன்றைக் கழித்துக்கட்ட ஒரு நல்ல உச்ச வரம்பே போதும். அவற்றை அட்டவணையில் சேர்க்காமல் விடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

எப்போது பார்க்க வேண்டும் என்பதும் மற்ற வானியல் வேலைகளைப் போல இல்லை. பின்னொளி பெரும்பாலும் காலத்துக்கு நேர்மாறாக, ஒன்றை ஒட்டிய அடுக்கில் மங்குகிறது. பத்து நிமிடத்தில் இருந்த வெளிச்சம் ஒரு நாளில் 144இல் ஒரு பங்காகிவிடும். மங்கலாக ஆக எண் கூடும் பொலிவெண் கணக்கில் 5.4 கூடும். எனவே சம இடைவெளியில் பார்த்துப் பயனில்லை. பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி, எட்டு மணி, ஒரு நாள், நான்கு நாள் என்று பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வடிகட்டியில் பார்க்க வேண்டும். நேரத்தோடு மங்கும் சரிவு (காலச் சரிவு), அலைவரிசையோடு மாறும் சரிவு (நிறமாலைச் சரிவு) என்ற இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் இயற்பியல் பேச ஆரம்பிக்கும். ஒன்று மட்டும் இருந்தால் எந்தக் கதையையும் அதில் பொருத்திவிடலாம்.

ஏன் என்று ஓர் எண்ணை வைத்தே காட்டலாம். ரீம் சாரி, ட்ஸ்வி பிரான், ரமேஷ் நாராயண் மூவரும் 1998இல் தந்த சிங்க்ரோட்ரான் கணக்குதான் இன்றைக்கும் அடித்தளம். ஒரு பின்னொளியின் நிறமாலைச் சரிவு 0.6 என்று வைத்துக்கொள்வோம், எலக்ட்ரான்கள் இன்னும் ஆற்றலை இழந்து குளிராத அலைவரிசைப் பகுதியில் இருக்கிறோம். சுற்றிலும் வாயு சீராக இருந்தால் காலச் சரிவு 0.9 வர வேண்டும். வெடித்த நட்சத்திரம் முன்பே ஊதித் தள்ளிய காற்றுக்குள் அதிர்வலை போகிறது, அடர்த்தி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது என்றால் அதே 0.6க்கு 1.4 வர வேண்டும். இரண்டு சரிவுகளை அளந்தால் போதும், பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வாயு எப்படிப் பரவியிருந்தது என்று சொல்லிவிடலாம். இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது ஏற்பட்ட பிரமிப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

ஆனால் இடையில் தூசி இருந்தால் நீல ஒளி அதிகம் குறைந்து நிறமாலை உண்மையைவிடச் செங்குத்தாகத் தெரியும். அதனால் ஒளியியல் நிறத்தை மட்டும் நம்பாமல், எக்ஸ்ரேயோடு கோடிழுத்துப் பார்க்க வேண்டும். கடைசி நாட்களில் தாய் விண்மீன் மண்டலத்தின் ஒளி கலந்து மங்கல் நின்றுவிட்டது போலக் காட்டும். நீண்ட வெடிப்புகளில் ஓரிரு வாரத்தில், வெடித்த நட்சத்திரமே ஒளிரும் சூப்பர்நோவாவின் மேடும் எழலாம். 2003 மார்ச் 29 வெடிப்பில் அப்படித்தான் சூப்பர்நோவா நிறமாலை தெளிவாக வெளிப்பட்டது.

மாதிரியாக்குவது, அதாவது தரவோடு ஒத்துவரும் இயற்பியல் கணக்கைப் பொருத்துவது, இதற்கு அடுத்த படி. அதிர்வலையின் மொத்த ஆற்றல், வாயுவின் அடர்த்தி, எலக்ட்ரான்களுக்குப் போகும் ஆற்றல் பங்கு, காந்தப்புலத்துக்குப் போகும் பங்கு ஆகிய நான்கும் தெரியாதவை. நிறமாலையில் கிடைப்பவையும் நான்கு: சரிவு மாறும் மூன்று முறிவு அலைவரிசைகளும் உச்சப் பிரகாசமும். நான்குக்கு நான்கு, எனவே தீர்வு உண்டு. ஆனால் அந்த முறிவுகளில் ஒன்று பொதுவாக ரேடியோவிலும் ஒன்று எக்ஸ்ரே பக்கத்திலும் கிடக்கும். ரேடியோ தரவே இல்லாமல் நான்கையும் ‘கண்டுபிடித்த’ கட்டுரையைப் படித்தால், அந்த எண்கள் தரவிலிருந்து வந்தனவா, முன்கூட்டியே வைத்த வரம்புகளிலிருந்து வந்தனவா என்று பாருங்கள். இப்போது ஆஃப்டர்குளோபை போன்ற இலவச நிரல்களோடு, பல்லாயிரம் எண்களைத் தற்செயலாகத் தேர்ந்து சோதிக்கும் எம்சிஎம்சி முறையை இணைத்தால் மடிக்கணினியிலேயே பொருத்திவிடலாம். வரும் படத்தில் ஆற்றலும் அடர்த்தியும் தனித்தனி வட்டமாக இல்லாமல், நீண்டு வளைந்த ஒரே பட்டையாகத் தெரிந்தால் அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்று பொருள். அப்போது நடுவிலிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமில்லை.

எவ்வளவு தரவு இருந்தாலும் விடாத பிணைப்பும் ஒன்று உண்டு. அதிர்வலையில் எல்லா எலக்ட்ரான்களும் முடுக்கப்படுகின்றன என்று வழக்கமாக வைத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பங்குதான் முடுக்கப்படுகிறது என்று வைத்து, ஆற்றலையும் அடர்த்தியையும் அதற்கேற்ப ஏற்றி, மற்ற இரண்டு பங்குகளையும் இறக்கினால் அதே பின்னொளி அச்சு அசலாக வரும். டேவிட் ஐக்லரும் எலி வாக்ஸ்மனும் 2005இல் இதைக் காட்டினார்கள்.

வெடிப்பு பீய்ச்சும் பொருள் குறுகலாகப் பாய்வதைத் தாரை என்கிறோம், அதன் அகலம் இன்னொரு பெரிய கேள்வி. 1999 ஜனவரி 23 வெடிப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வீசியது என்று கணக்கிட்டால், காமா கதிர்களின் ஆற்றல் மட்டுமே சூரியனின் முழு நிறையையும் ஆற்றலாக்கினால் வருவதைவிட அதிகம். நம்ப முடியாத அளவு. குறுகிய தாரையாகப் பாய்ந்தால் அது பல நூறு மடங்கு குறைந்து, சாதாரண சூப்பர்நோவாவின் ஆற்றலுக்கு அருகே வரும். அதிர்வலை வேகம் குறைந்து தாரையின் விளிம்பு நம் பார்வைக்குள் வந்ததும் நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் ஒளிவளைவு எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் செங்குத்தாக இறங்கத் தொடங்கும். அந்த நேரத்திலிருந்துதான் அகலத்தைக் கணிக்கிறோம்.

மாதிரியின் பலமும் எல்லையும் ஒரே இடத்தில் தெரிந்தது 2017 ஆகஸ்ட் 17 நிகழ்வில். 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் இணைந்தன. ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் ஒரு குட்டையான, சோகையான காமா வெடிப்பு வந்தது. எக்ஸ்ரே பின்னொளி 9 நாள் கழித்தும் ரேடியோ 16 நாள் கழித்தும்தான் தென்பட்டன. மங்குவதற்குப் பதில் சுமார் 150 நாள் வரை ஏறிக்கொண்டே போயின. ரேடியோவிலிருந்து எக்ஸ்ரே வரை நிறமாலை ஒரே நேர்கோடு, சரிவு சுமார் 0.58. அதிர்வலையும் சிங்க்ரோட்ரானும் அருமையாகப் பொருந்தின. ஆனால் ஏறும் ஒளிவளைவை இரண்டு விதமாக விளக்க முடிந்தது: தாரை உள்ளேயே அடங்கிப்போய் அதைச் சூழ்ந்த பொருளின் அகன்ற கூடு மட்டும் விரிகிறது, அல்லது தாரை வெளியே வந்துவிட்டது, நாம்தான் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். எத்தனை புள்ளிகள் சேர்ந்தாலும் ஏறுமுகத்தில் இரண்டும் பொருந்தின. கடைசியில் கண்டம் தாண்டி இணைத்த ரேடியோ தொலைநோக்கிகள் அந்தப் புள்ளி வானத்தில் நகர்வதையே அளந்தன. பார்வைக்கு ஒளியைப் போல் நான்கு மடங்கு வேகம். குறுகிய தாரையைச் சுமார் 20 பாகை சாய்வில் பார்த்தால்தான் அப்படித் தெரியும்.

2022 அக்டோபர் 9 வெடிப்பு இதுவரை பதிவானவற்றிலேயே பிரகாசமானது, ஃபெர்மியின் உணரிகளே நிரம்பி வழிந்தன. சீனாவின் லாசோ ஆய்வகம் 60,000க்கும் மேற்பட்ட மிகை ஆற்றல் ஃபோட்டான்களைப் பிடித்தது. அந்த ஒளிவளைவின் திருப்பம் அரை அகலம் ஒரு பாகைக்கும் குறைவான தாரையைச் சொல்கிறது. எக்ஸ்ரே வளைவிலோ எதிர்பார்த்த திருப்பம் நெடுநாள் வரவில்லை. நடுவில் குறுகலாகவும் ஓரங்களில் ஆற்றல் மெல்லக் குறைந்துகொண்டும் போகும் தாரை என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், ஸ்விஃப்டின் எக்ஸ்ரே ஒளிவளைவுகள் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத் தளத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. 2013 ஏப்ரல் 27 வெடிப்பை எடுங்கள், தரவு ஏராளம். இரண்டு அச்சையும் மடக்கை அளவில் போட்டு, முதலில் நிரல் எதுவும் இல்லாமல் காலச் சரிவையும் நிறமாலைச் சரிவையும் அளந்து, மேலே சொன்ன இரண்டு நிலைகளில் எதற்கு அருகில் வருகிறது என்று பாருங்கள். எக்ஸ்ரேயில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் குளிர்ந்துவிட்டிருக்கும் என்பதால் மூன்றாவது நிலையும் உண்டு. அங்கே நிறமாலைச் சரிவு 1.1 என்றால், வாயு எப்படிப் பரவியிருந்தாலும் காலச் சரிவு 1.15. எம்சிஎம்சி அதற்கு அப்புறம்.