ஹென்றி ஷெஃப்லின் ஆட்டக்காரராகப் பெரியவரா, பயிற்சியாளராகவா?

ஆட்டக்காரராகத்தான், சந்தேகமே வேண்டாம். ஹர்லிங் என்பது மட்டையும் சிறு பந்தும் வைத்து, அணிக்கு 15 பேர் ஆடும் அயர்லாந்து விளையாட்டு. மாவட்ட அணிக்கு ஆடினாலும் சம்பளம் கிடையாது. அதில் கில்கென்னி அணிக்காக 2000 முதல் 2014 வரை 10 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர் இவர். ஆண்டின் சிறந்த வீரர் விருது மூன்று முறை: 2002, 2006, 2012.

எனக்கு முக்கியமாகப் படுவது 2010. தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்கான இறுதிப் போட்டி. முழங்கால் தசைநார் காயத்தோடு இறங்கி, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வெளியேறினார், டிப்பரரி வென்றது. மறு ஆண்டே திரும்பி வந்து கோப்பையைத் தூக்கினார். 2012 இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியை கோலுக்கு (அதற்கு மூன்று புள்ளி) அடிக்காமல் கம்பத்துக்கு மேலே அனுப்பி ஒரு புள்ளி மட்டும் எடுத்தார். திட்டினார்கள். ஆட்டம் சமனாகி, மறுபோட்டியில் கால்வேயை வென்றார்கள்.

2015இல் ஓய்வு. பயிற்சியாளராகத் தன் சொந்த கிளப்பான பாலிஹேல் ஷாம்ராக்ஸுக்கு 2019, 2020 என அடுத்தடுத்து அகில அயர்லாந்து கிளப் பட்டம் வாங்கித் தந்தார். ஆனால் அது ஏற்கெனவே பலமான அணி. உண்மையான சோதனை, கால்வே மாவட்ட அணியின் பயிற்சியாளர் பதவி. 2022, 2023 இரண்டிலும் அரையிறுதியில் லிமரிக்கிடம் தோல்வி. 2023 லெய்ன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியிலோ, கடைசி நொடி கோலில் சொந்த ஊர் கில்கென்னியிடமே கோப்பையை விட்டார். 2024இல் பதவி விலகினார்.