சிங்கப்பூரில் மரம் ஏறிக் கிளை வெட்டும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த பழைய கயிற்றையும் ஹார்னஸையும் நம்பி ஏறலாமா?

ஊரில் தென்னை ஏறிப் பழக்கம், இங்கே வந்து மரப் பராமரிப்பு கம்பெனியில் சேர்ந்தாயிற்று, முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கயிறும் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன, "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. நானும் இங்கே அதே வேலையில் பல வருடமாக இருப்பவன். கயிறும் பட்டையும் வெளியே நன்றாக இருந்துகொண்டே உள்ளே கெட்டுப்போகக்கூடிய பொருட்கள். அது யாரிடம் இருந்தது, எதன்மேல் பட்டது, எப்போதாவது பெரிய இழுப்பு வாங்கியதா என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும். அப்படிச் சொல்ல யாருமே இல்லாத கயிற்றில் நான் ஏற மாட்டேன். உங்களையும் ஏறச் சொல்ல மாட்டேன்.

முதலில் லேபிளைப் பாருங்கள். ஹார்னஸில் தயாரித்த வருடம், சீரியல் எண், தர எண் எல்லாம் இருக்கும். எழுத்தே படிக்க முடியாமல் அழிந்துபோயிருந்தால் அந்த ஹார்னஸை ஒதுக்கிவிடலாம், ஏனென்றால் அது என்ன, எந்த வருடத்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஈ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரத்துக் கயிறாக இருந்தால் நெடுகிலும் உள்ளே மெல்லிய நாடா ஒன்று ஓடும். அதில் தயாரிப்பாளர், வருடம், 'ஏ' வகையா 'பி' வகையா என்பது அச்சிட்டிருக்கும். மனிதன் ஏறுவதற்கு 'ஏ' வகைதான் வேண்டும். முனையில் இருந்த லேபிளை யாராவது வெட்டிவிட்டிருந்தாலும் இந்த நாடா காட்டிக்கொடுத்துவிடும்.

வருடக் கணக்கைப் பற்றி ஒரு விஷயம். பெட்ஸ்ல் போன்ற ஏறும் கருவித் தயாரிப்பாளர்கள் துணி, பிளாஸ்டிக் பொருட்களுக்கு அதிகபட்சம் 10 வருடம் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு "இன்னும் நாலு வருடம் இருக்கிறதே" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த 10 என்பது கடைசி எல்லை மட்டும்தான். அதே கையேட்டில், ஒரே ஒரு அசாதாரணச் சம்பவம் நடந்தால் முதல் உபயோகத்திலேயே கழித்துவிட நேரலாம் என்றும் எழுதியிருக்கிறது. தினமும் மரத்தில் உரசும் கயிறு பத்து வருடத்தைப் பார்ப்பதே இல்லை. தகுதியான ஆளை வைத்து 12 மாதத்துக்கு ஒரு முறையாவது விரிவாகச் சோதிக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிப்படி ஆளைத் தூக்கும் கருவிகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை. ஆனால் நேற்று மதியம் கைரம்பம் உரசியதை ஆறு மாதம் கழித்து வரும் சோதனையாளர் வந்து உங்களுக்காகத் தடுக்க முடியாது. தினமும் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

சரி, கயிற்றை எப்படிப் பார்ப்பது? கண்ணால் பார்ப்பது பாதி வேலைதான், கைதான் முக்கியம். கையுறையைக் கழற்றிவிட்டு, முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கயிற்றை விரல்களுக்கு நடுவே லேசாக அழுத்திக்கொண்டே ஓட விடுங்கள். திடீரென்று மெலிகிறதா, புடைக்கிறதா, ஓரிடம் மட்டும் கொழகொழவென்று இருக்கிறதா, ஓரிடம் மட்டும் கம்பி மாதிரி விறைத்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு சின்ன வளையமாக மடக்கிப் பாருங்கள். நல்ல கயிறு உருண்டையாக வளையும். உள்ளே மையம் அறுந்திருந்தால் அந்த இடம் மட்டும் தட்டையாக, கூராக மடங்கும். மேலுறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கயிறு முடிந்துவிட்டது. மேலே பஞ்சு பஞ்சாக நார் எழும்பியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேலை செய்த கயிறு அப்படித்தான் இருக்கும். பளபளவென்று கண்ணாடி போல இறுகிய இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும். அது சூட்டில் நார் உருகி ஒட்டிய அடையாளம்.

சேதம் முனைக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால், தயாரிப்பாளர் அனுமதித்தால், அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியை உபயோகிக்கலாம். வெட்டிய உடனே புது நீளத்தை அளந்து முனையில் எழுதி வையுங்கள். 45 மீட்டர் கயிற்றை இரட்டையாகப் போட்டால் சுமார் 22 மீட்டர் உயரத்திலிருந்துதான் தரையைத் தொடும். இங்குள்ள பெரிய தூங்குமூஞ்சி மரங்களில் அந்த உயரம் சர்வசாதாரணம். மூன்று மீட்டர் வெட்டியதை மறந்தால் கயிறு தரைக்கு எட்டாது. அதனால் முனையில் எப்போதும் ஒரு தடுப்பு முடிச்சு இருக்கட்டும்.

அப்புறம் பிரூசிக் கயிறு. ஏறும் கயிற்றில் முடிச்சாகச் சுற்றி உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கும் சின்னக் கயிறு அதுதான், மொத்தத்தில் முதலில் தேய்வதும் அதுதான். வேகமாக இறங்கினால் உராய்வில் சூடாகும். பாலியஸ்டர் 250 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே உருகும், சாதாரண நைலான் 220 டிகிரி அளவிலேயே உருகிவிடும், டைனீமா என்ற பலமான செயற்கை நார் 150 டிகிரியைக்கூடத் தாங்காது. அதனால்தான் நல்ல பிரூசிக் கயிறுகளின் மேலுறையில் உருகாமல் கருகும் அராமிட் என்ற செயற்கை நார் சேர்க்கிறார்கள். ஆனால் அராமிடுக்கு வெயிலும் ஆகாது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடங்குவதும் ஆகாது. ஆகவே "இது சூட்டுக்குத் தாங்கும்" என்று கேட்டவுடன் நீண்ட நாள் வரும் என்று எண்ண வேண்டாம். விலையும் குறைவு, அடிக்கடி மாற்றுங்கள். முந்தைய ஆளிடமிருந்து பிரூசிக் கயிறும் சேர்ந்து வந்திருந்தால் சோதித்துக்கொண்டு இருக்காமல் புதிது கேட்டு வாங்குங்கள்.

ஹார்னஸில் எல்லோரும் கால் பட்டையையும் பக்கிளையும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பிரிட்ஜைத்தான், அதாவது வயிற்றுக்கு முன்னால் வளையம் ஓடுகிற அந்தக் கயிறு. நாள் முழுக்க உங்கள் எடை அதன்மேல்தான் இடமும் வலமும் நகர்கிறது. வளையத்தை ஒதுக்கிவிட்டு, வழக்கமாக அது நிற்கும் இடத்தில் பாருங்கள், தேய்மானம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டு முனை முடிச்சுகளையும் பாருங்கள். பெரும்பாலான ஹார்னஸ்களில் பிரிட்ஜை மட்டும் தனியாக மாற்றலாம். அடுத்தது தையல். ஒரு தையல் பட்டையில் நூல் அறுந்திருந்தால்கூட சூப்பர்வைசரிடம் கொண்டுபோங்கள். வீட்டு ஊசி நூலால் தைத்துச் சரிசெய்ததைப் பார்த்தால் அந்த ஹார்னஸைக் கீழே வைத்துவிடுங்கள். ரம்ப உறை தொங்கும் பக்கத்துப் பட்டையை மட்டும் ஒரு தடவை கூடுதலாகத் திருப்பிப் பாருங்கள்.

கராபினரை, அதாவது கயிற்றையும் ஹார்னஸையும் கோக்கும், வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கியைப் பார்ப்பது சுலபம். வாயைக் கொஞ்சம் மட்டும் திறந்து மெதுவாக விடுங்கள். எந்த நிலையிலிருந்து விட்டாலும் தானாக மூடி, தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். மர வேலைக்குத் தானாகப் பூட்டும் வகைதான், அதிலும் திறக்கக் குறைந்தது இரண்டு தனித்தனி அசைவுகள் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். திருகும் வகை கிளையில் உரசியே கழன்றுவிடும். கராபினரின் உடம்பில் செதுக்கியிருக்கும் எண்களைப் படித்துப் பழகுங்கள். நீளவாக்கில் 22 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும் கராபினர், குறுக்குவாக்கில் இழுபட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் தாங்கும். பூட்டு மந்தமாக இருந்தால் பெரும்பாலும் மரத்தூளும் மரப்பாலும்தான் காரணம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, ஊதிக் காயவைத்து, கிராஃபைட் போன்ற உலர்ந்த மசகு கொஞ்சம் போடுங்கள். எண்ணெய் ஊற்றினால் தூசியைப் பிடித்து இன்னும் மோசமாகும்.

இங்கே கயிற்றின் பெரிய எதிரி மண். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், மரத்தின் மேலே ஏது மண் என்று. தூங்குமூஞ்சிக் கிளைகளில் பறவைக்கூட்டுப் பெரணிகள் அடை அடையாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் அடியில் மட்கிய இலையும் மண்ணும் நிரம்பி, மழைக்குப் பிறகு சேறாக வழியும். அந்தத் துகள் கயிற்றுக்குள் இறங்கினால் ஒவ்வொரு அசைவிலும் நாரை உள்ளிருந்து அறுக்கும். அங்சானா மரத்தின் சிவப்புப் பால் வேறு ஒட்டி இறுகும். ஆகவே கயிறு அழுக்கானால் கழுவத்தான் வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், காரமில்லாத சோப்பு, பிளீச் கூடவே கூடாது. கயிற்றைச் சங்கிலிப் பின்னலாகப் பின்னி வலைப்பையில் போட்டால் மெஷினிலும் கழுவலாம். நிழலில், காற்றோட்டத்தில் காயவையுங்கள். ஈரத்தோடு பையில் அடைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூசணம் பிடித்துவிடும். நைலான் ஈரமாக இருக்கும்போது பலமும் குறையும்.

லாரியில் கயிற்றுப் பை எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள். பெட்ரோல் கேனுக்கும் பழைய பேட்டரிக்கும் நடுவில் போட்டு வைப்பது பல இடத்தில் வழக்கம். பேட்டரி அமிலம் நைலானைத் தின்னும், வெளியே கறைகூடத் தெரியாமல் இருக்கலாம். மூடி போட்ட தனிப் பெட்டி ஒன்று கேளுங்கள். கிளை இறக்கும் கயிற்றையும் ஆள் ஏறும் கயிற்றையும் ஒரே பையில் போடாதீர்கள். வேறு வேறு நிறத்தில் வாங்கச் சொல்லுங்கள். மரத்துண்டைத் தாங்கிய கயிற்றில் ஒரு தடவைகூட மனிதன் ஏறக் கூடாது.

ஸ்பைக், அதாவது காலில் கட்டி மரத்தில் குத்தி ஏறும் இரும்பு முள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது முழு மரத்தையும் வெட்டி எடுக்கும்போது மட்டும். உயிரோடு வைத்திருக்கப்போகும் மரத்தில் குத்தினால் பட்டைக்கு அடியில் வளரும் அடுக்கே காயப்படும். முனை மழுங்கினால் கை அரத்தால் தீட்டுங்கள். கிரைண்டரில் வைத்தால் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே தேய்ந்தால் முள்ளை மாற்ற வேண்டும்.

மேலே செயின்சா ஓட்டும்போது ஏறும் கயிறு ஒன்று, லேன்யார்ட் (மரத்தைச் சுற்றி ஹார்னஸில் மாட்டும் குட்டைக் கயிறு) ஒன்று என்று இரண்டு பிடிப்பு இருக்க வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி உள்ள லேன்யார்ட் வெட்டுக்கு ஓரளவு தாங்கும், ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அருகில் அது வேண்டாம். கைரம்பத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். விறைத்து நிற்கும் கயிற்றில் அதன் பல் பட்டால் ஒரே இழுப்பில் போய்விடும்.

இனி சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசுவது என்பது. புதிதாக வந்த ஆள் கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. இங்கே 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு அனுமதிப் படிவம் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை வைத்துப் பேசும் நேரத்தில் "அண்ணே, இந்தக் கயிற்றின் பதிவு நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள், எப்போது வாங்கியது, கடைசியாக எப்போது சோதித்தது?" என்று கேளுங்கள். நல்ல கம்பெனியில் இது தினசரிக் கேள்வி. நோட்டே இல்லை என்றால் கயிறு, பிரூசிக், பிரிட்ஜ் மூன்றையும் புதிதாகக் கேளுங்கள். ஹார்னஸைத் தெரிந்த ஒருவர் சோதித்த பிறகு மட்டும் போடுங்கள். இன்றிலிருந்து உங்கள் பெயரில் ஒரு நோட்டு ஆரம்பியுங்கள்: சீரியல் எண், முதல் உபயோகத் தேதி, கழுவிய தேதி, நடந்த சம்பவங்கள். கழித்த கயிற்றைக் குப்பையில் அப்படியே போடாமல் ஒரு முழத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். யாரோ எடுத்து அதில் ஏறிவிடுவார்கள்.

ஹார்னஸ் லேபிளில் உள்ள மாடல் பெயரையும் தயாரித்த வருடத்தையும் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள். அந்த மாடலின் சோதனைக் கையேட்டில் எந்தெந்த இடங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடித் தமிழில் எழுதித் தருகிறேன்.