மண்ணில் வாழாத செடிக்கு எந்தச் சாடி?

கேள்வி: சென்ற ஆவணியில் கண்டிக்குப் போயிருந்தபோது மூன்று டென்ட்ரோபியமும் ஒரு பெலனொப்சிஸுமாக நான்கு ஓர்க்கிட் செடிகள் வாங்கி வந்தேன். டென்ட்ரோபியம் இருந்த சிறிய கறுப்புச் சாடிகள் பார்வைக்கு நன்றாக இல்லாததால், பெரிய பீங்கான் சாடிகளில் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டு விறாந்தையில் வைத்தேன். மாரி முடிவதற்குள் இரண்டு அழுகிவிட்டன. பெலனொப்சிஸை வாங்கிய சாடியோடு ஒரு பீங்கான் சாடிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். இனி எந்தச் சாடி வாங்குவது? கணவர் மண்சாடி என்கிறார்; பக்கத்து வீட்டு அக்கா பிளாஸ்ரிக் என்கிறார்; மாமி பொச்சுமட்டையில் கட்டச் சொல்கிறார். நான் ஆசிரியை, காலை ஏழு மணிக்கு முன் புறப்பட்டால் மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவேன். காட்டிலிருந்து வண்டா ஓர்க்கிட் எடுத்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். அதை எதில் வளர்க்கலாம்?
— வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூவரும் பிழையாக எதையும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறொரு செடியையும் தண்ணீர் ஊற்றும் வேறொரு கையையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடைக்குப் போகுமுன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, உங்கள் விறாந்தையில் எந்தச் சாடி எவ்வளவு நேரத்தில் காயும், அது காயும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்களா என்பதே.

நீங்கள் வாங்கிய இரு வகைகளும் இயற்கையில் மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. மரத்திடமிருந்து அவை உணவு எடுப்பதில்லை. இடத்தை மட்டுமே இரவல் வாங்குகின்றன. அவற்றின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஒரு வெண்ணிற உறை உண்டு. மழை பெய்ததும் அது நீரை உறிஞ்சிப் பச்சை நிறமாகும். சில மணி நேரத்தில் காற்றுப் பட்டுக் காய்ந்து மீண்டும் வெள்ளி நிறத்துக்கு வந்துவிடும். நனைவதும் காய்வதுமாகிய இந்த மாற்றத்துக்குப் பழகிய வேரைச் செம்மண்ணுக்குள் புதைத்து, மாட்டெருவையும் சேர்த்து, உட்புறம் மெருகிட்டதால் சுவர் வழியே ஒரு துளியும் வெளியேற முடியாத பீங்கானுக்குள் அடைத்தால், கார்த்திகை மழையில் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். உங்கள் செடிகள் இரண்டும் தண்ணீர் கூடிச் சாகவில்லை. வேருக்குக் காற்று இல்லாமல் செத்தன. என் பங்குக்குச் சொல்வதானால், நானும் ஒரு மாரியில் அகன்ற சீமெந்துத் தொட்டி ஒன்றில் நல்ல டென்ட்ரோபியம் ஒன்றை இப்படியே இழந்தேன். தண்டு மஞ்சளாகிய பிறகுதான் தோண்டிப் பார்த்தேன். வேரின் மேலுறை விரலோடு கழன்று வந்தது.

இனி உங்கள் கணவர் சொன்ன மண்சாடி. மெருகிடாத சுட்ட மண்ணின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. மண்பானையில் தண்ணீர் குளிர்ந்திருப்பது எதனாலோ, அதனாலேயே மண்சாடிக்குள் இருக்கும் வேரும் குளிர்ந்திருக்கிறது. ஈரம் சுவர் வழியே கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. மாரியில் இதைவிடப் பாதுகாப்பான சாடி கிடையாது. ஆனால் கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகு இதே குணம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். வைகாசி, ஆனி மாதங்களில் வெளி விறாந்தையில் தொங்கும் சிறிய மண்சாடியை விடிய நனைத்துவிட்டுப் போனால், நீங்கள் பாடசாலையில் மதிய உணவு உண்ணும் வேளைக்கு அது முழுதாகக் காய்ந்திருக்கும்.

அப்படியிருந்தும் டென்ட்ரோபியத்துக்கு நான் மண்சாடியையே சொல்வேன். அதன் தடித்த தண்டு ஒரு தண்ணீர்ச் சேமிப்பு. ஒருநாள் வாடினாலும் மறுநாள் நிமிர்ந்துகொள்ளும். காய்ந்த வேர் நனைந்ததும் தேறும், அழுகிய வேர் தேறாது. கோடையின் வறட்சிக்கு ஈடாக, சித்திரை முடிந்ததும் சாடியின் மேற்பரப்பில் ஊறவைத்த பொச்சுத் துண்டுகளை ஓர் அங்குலத்துக்குப் பரப்பிவிடுங்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அவற்றை எடுத்துவிடுங்கள். காலை புறப்படுமுன் ஒரு தடவையும் கச்சான் கடுமையாக வீசும் நாட்களில் நீங்கள் திரும்பிய பிறகு இன்னொரு தடவையும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மண்சாடி வாங்கும்போது அடியில் ஒரு துளை இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். பக்கச் சுவரிலும் விரல் நுழையக்கூடிய துளைகள் நான்கைந்து இருக்க வேண்டும். குயவரிடம் நேரில் சொல்ல முடிந்தால், களிமண் பச்சையாக இருக்கும்போதே வெட்டித் தருவார்; சூளையில் வைத்த பிறகு கேட்டால் அவருக்கும் சிரமம், சாடிக்கும் ஆபத்து. முன்பே சுட்ட சாடிதான் கிடைக்கிறதென்றால், ஓரிரவு நீரில் ஊறவிட்டு, சுவரில் துளையிடும் அலகைக் கொண்டு மெதுவாகத் துளைக்கலாம். இரண்டொன்று வெடிக்கும். வெடித்த ஓட்டுத் துண்டுகளை எறியாதீர்கள், அவற்றுக்கும் வேலை இருக்கிறது.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான ஓர்க்கிட்டுகள் சாடியின் வகையால் அல்ல, சாடியின் பெருப்பத்தால்தான் அழிகின்றன. செவ்வரத்தைக்கோ ரோசாவுக்கோ நாளைய வளர்ச்சியை எண்ணிப் பெரிய சாடியாக வாங்குகிறோம். ஓர்க்கிட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. பெரிய சாடியில் ஓரம் காய்ந்தாலும் நடுப்பகுதி நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். வேர் இருப்பதோ அந்த நடுப்பகுதியில். இருக்கும் வேர்த்தொகுதி நெருக்கமாக அடங்கி, இன்னும் இரண்டு ஆண்டுகளில் வரக்கூடிய தண்டுகளுக்கு மட்டும் இடம் விடும் சாடியே சரியான அளவு. உங்களிடம் மிஞ்சியிருக்கும் டென்ட்ரோபியத்துக்கு நான்கு அல்லது ஐந்து அங்குல வாய் தாராளம். இந்த இனம் ஒரு பக்கமாகவே நடந்துகொண்டு போகும். ஆகவே பழைய தண்டைச் சாடியின் ஓரத்தோடு ஒட்டி வைத்து, புதுக் குருத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். நட்டநடுவில் வைத்தால் ஒரே ஆண்டில் சுவரைத் தாண்டிவிடும்.

அடுத்து பிளாஸ்ரிக். அக்கா சொன்னதை உங்கள் பெலனொப்சிஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தண்டுச் சேமிப்பு இல்லை. இலையில் இருக்கும் ஈரம்தான் கையிருப்பு. எனவே கொஞ்சம் மெதுவாகக் காயும் சாடி அதற்கு நல்லது. அந்தச் சாடி ஒளி ஊடுருவக்கூடியதாக இருந்தால் இரட்டிப்பு நன்மை: வேர் பச்சையாக இருக்கிறதா வெள்ளியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துத் தண்ணீர் ஊற்றலாம், பச்சை வேர்கள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கவும் செய்யும். கடையில் இத்தகைய சாடி கிடைக்காவிட்டால், ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடிப்பாதியை வெட்டி, சூடாக்கிய ஆணியால் அடியிலும் பக்கங்களிலும் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டுக்கொள்ளுங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக்கை மட்டும் வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம், சுவரோடு ஒட்டிய வேர் வெந்துவிடும்.

பீங்கான் சாடிக்குள் அதை இறக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விருந்தினர் வரும் நாளில் அப்படி வைப்பதில் தவறில்லை. மற்ற நாட்களில் உட்சாடியிலிருந்து வடியும் நீர் வெளிச்சாடியின் அடியில் தேங்கி வேரின் நுனியை அழுகச் செய்யும்; அதற்கு முன்பே நுளம்புக் குடம்பி பெருகி, டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதிதான். ஓர்க்கிட்டுக்குத் தட்டு வேண்டாம்.

மாமி சொன்ன பொச்சுமட்டை பழைய முறைதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பச்சை மட்டையிலுள்ள துவர்ப்பும் உப்பும் இளவேருக்கு ஆகாதவை. ஆகையால் ஒரு வாரமாவது நீரில் ஊறப்போட்டு, நாள்தோறும் அந்தச் செந்நிற நீரை மாற்ற வேண்டும். மற்றது, மட்டை மாரியில் நீரைப் பிடித்துவைக்கும். இரண்டு ஆண்டுகளில் உக்கிச் சோறாகிவிடும். ஆகவே மழை நேரே விழாத இறவாணத்துக்கு உட்புறமாகத் தொங்கவிடுங்கள். உக்கத் தொடங்குமுன் மாற்றுங்கள். தும்புச்சோற்றைத் தனியாக இட்டுச் சாடியை நிரப்புவதை எந்த நிலையிலும் நான் ஏற்கமாட்டேன். அது மண்ணைவிட அதிகம் நீர் பிடிக்கும்.

சாடிக்குள் இடுவதற்கு விறகுக்கரியும் ஓட்டுத் துண்டுமே போதும். கட்டைவிரல் பருமனில் உடைத்து, தூசு போகக் கழுவி, அடியில் ஓடும் மேலே கரியுமாகப் போடுங்கள். நம் ஊர்களில் உடைந்த ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பஞ்சமில்லை. இடிந்த வளவு ஒவ்வொன்றிலும் குவியல் கிடக்கிறது. எடுக்கும்போது சாந்தோ சுண்ணாம்போ ஒட்டிய துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். அவற்றிலிருந்து கரையும் சுண்ணம் வேரைச் சூழ்ந்த நீரைக் காரமாக்கும்.

கிணற்றுத் தண்ணீரையும் இங்கேயே பேசிவிடலாம். உங்கள் கேத்தலின் அடியில் வெண்பொருக்குப் படிகிறதென்றால் அதே பொருக்கு மண்சாடியின் சுவரிலும் கரித்துண்டிலும் படியும். வெளிச்சுவரில் உப்புப் பூத்தது போல் தெரிந்தால் அதுதான். வாரத்தில் ஒருநாள் சாடியை நீர் தாரையாக வடியுமளவுக்கு அலசி ஊற்றுங்கள். மாரியில் பிடித்து மூடிவைத்த மழைநீர் இருந்தால் அதற்கே பயன்படுத்துங்கள்.

வண்டாவைப் பற்றிக் கேட்டீர்கள். வறண்ட வலயக் காட்டு மரங்களில் இயல்பாக வளரும் வண்டா ஒன்று நம் வன்னியிலும் உண்டு. அந்த மனிதர் சொல்வதும் அதுவாகத்தான் இருக்கும். வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். அது ஒருபுறமிருக்க, மரப்பட்டையிலிருந்து பிய்க்கும்போது வேர்கள் அறுந்துபோவதால் அப்படி வந்த செடி வீட்டில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நாற்றுமேடையில் வளர்த்த கலப்பினமொன்றை வாங்கினால், அதற்குச் சாடியே தேவையில்லை. முதிரை அல்லது தேக்குச் சட்டத்தின் கழிவுத் துண்டுகளைத் தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கி, மருந்து பூசாத துண்டுகளாகத் தெரிந்து, இடைவெளி விட்டு ஆறு அங்குலச் சதுரக் கூடையாக அடித்து, இரண்டு கரித்துண்டோடு செடியை அதில் உட்கார்த்தி, வேர்களைக் காற்றில் தொங்கவிடுங்கள். கூடையைக் கட்டச் செப்புக் கம்பி பாவிக்க வேண்டாம். அதிலிருந்து வடியும் நீர் வேருக்கு நஞ்சு. ஆனால் வெறுங்கூடை வண்டாவுக்குக் கோடையில் நாளொன்றுக்கு இருமுறை தண்ணீர் தவறாமல் வேண்டும். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தப் பொறுப்பை மாமி ஏற்பாரானால் மட்டும் வாங்குங்கள்.

இது மாசி மாதம். மழை ஓய்ந்துவிட்டது, கச்சானுக்கு இன்னும் காலமிருக்கிறது. செடி மாற்ற இதைவிட நல்ல தருணம் வராது. மிஞ்சியிருக்கும் டென்ட்ரோபியத்தை இந்த வார இறுதியில் பீங்கானிலிருந்து எடுத்து, மண் முழுவதும் போகும்வரை கழுவுங்கள். நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால், அமத்தினால் நசியும் கபில நிற வேர்களை வெட்டிவிடுங்கள். உறுதியாக இருப்பதைத் தொடவேண்டாம். வெட்டிய செடியை நிழலில் ஒருநாள் உலரவிட்டு, முதல்நாளே நீரில் ஊறிய மண்சாடியில் வைத்துக் கரியை இட்டு, ஆடாதபடி ஒரு குச்சியோடு தும்புக் கயிற்றால் கட்டுங்கள். காற்றில் ஆடும் செடியின் புதுவேர் நுனி கரியில் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும், அது பிடிக்காது. முதல் மூன்று நாட்களுக்கு இலையில் மட்டும் நீர் தெளியுங்கள். பிறகு நாளாந்தம் காலையில் ஊற்றத் தொடங்கலாம்.

பெலனொப்சிஸ் பூத்திருந்தால் பூ உதிரும்வரை அதை மாற்ற வேண்டாம். பீங்கானிலிருந்து மட்டும் இன்றே தூக்கி வெளியே வையுங்கள். வெறுமையாகும் பீங்கான் சாடிகளில் கற்றாழை வைக்காதீர்கள், அதுவும் அழுகும். அடியில் துளை இருக்கும் சாடியென்றால் கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம்.