பனிமலைப் பயணம்: பையில் எதைக் குறைப்பது?

தம்பி, "ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து டிசம்பரில் உத்தரகாண்டின் கேதார்காந்தா மலையேறப் போகிறேன், சமையலும் சொந்தமாகத்தான், பை 16 கிலோவைத் தாண்டுகிறது, எதைக் குறைக்க" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அரிசியையும் பருப்பையும் பையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். 12,000 அடியில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். அவல், சத்துமாவு போதும், வெந்நீர் ஊற்றினால் வேலை முடிந்தது. வறுத்த நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, சுமக்கிற எடைக்கு நல்ல பலன். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியை வீட்டிலேயே சில்லாக உடைத்துக்கொள்ளுங்கள், அங்கே கையுறையோடு உடைக்க முடியாது. அப்புறம் நெத்திலிக் கருவாடு: தலை கிள்ளி, மணல் போக அலசி, நன்றாகக் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து மிளகோடு பொடித்தால் ஒரு கைப்பிடியில் ஒரு வேளைச் சாறு தயார், ஆனால் இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், கூடாரத்தில் கூடப் படுப்பவர் கருவாடு தின்னாதவர் என்றால் சண்டைதான்.

தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாகிவிடும், நெய்யும் உறையத்தான் செய்யும். கைலி, பருத்தி பனியன் எல்லாம் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர்தான். உறங்குபையில் மட்டும் எடையைப் பார்க்காதீர்கள், மைனஸ் 10 தாங்குவதாக எடுங்கள். தண்ணீர் பாட்டிலையும் பவர்பேங்கையும் இரவில் அதற்குள்ளேயே வையுங்கள். கேஸ் டப்பா வெறும் பியூட்டேன் என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆவியாகாது, புரொப்பேன் கலந்ததாக டேராடூனில் வாங்கிக்கொள்ளுங்கள், விமானத்தில் எப்படியும் விடமாட்டார்கள்.