மனைவியோடு மலையேறினால் மட்டும் பைக் வளைவில் வெளியே ஓடுவது ஏன்?

நாமக்கல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது 150 சிசி பைக். பின்னால் இரட்டை ஷாக் அப்சார்பர். 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தனியாகப் போனால் குறையே இல்லை. மனைவியோடு கொல்லிமலை ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நான் நினைத்த இடத்தில் திரும்பாமல் வெளிப்பக்கம் ஓடுகிறது. இறங்கும்போது பின்பக்கம் துள்ளுகிறது. பின் ஷாக்கைக் கடைசிப் படியில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?"

நீங்கள் சொல்லியிருப்பது இரண்டு கோளாறுகள். ஷாக்கின் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தின் படியைக் கூட்டினால் முதலாவது குறையும். இரண்டாவது குறையாது, இன்னும் மோசமாகவும் கூடும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் செங்குத்தாக இருக்காது. சக்கரம் முன்னே தள்ளி நிற்க, சற்றே சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வு கூடினால் வண்டி நேர் சாலையில் அசையாமல் ஓடும், ஆனால் திரும்பச் சோம்பும். குறைந்தால் சட்டென்று திரும்பும், வேகத்தில் அலைபாயும். பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் வால்பக்கம் தாழ்கிறது, ஃபோர்க்கின் சாய்வு கூடுகிறது. மேட்டில் ஏறும்போது எடை மேலும் பின்னுக்குப் போய், முன் டயர் சாலையை அழுத்தும் பலமும் குறைகிறது. எழுபது வளைவுகளிலும் நீங்கள் ஹேண்டில் பாரோடு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலரும் நம்புகிறார்கள், அனுபவமுள்ள மெக்கானிக்குகள் உட்பட. அது தவறு. ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதே இல்லை. அதை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறோம், அவ்வளவுதான். அதே எடைக்கு வண்டி முன்பைவிட உயரமாக நிற்கும். தாழ்ந்த வால்பக்கம் பழைய மட்டத்துக்கு வரும்.

எத்தனையாவது படி என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். மெயின் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் அடிவிளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, இருவரும் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். இதுபோன்ற வண்டிகளில் அது பொதுவாக 30 முதல் 40 மில்லிமீட்டர். அதைவிட அதிகமாகத் தாழ்ந்தால், அந்த வளையத்தைத் திருப்பும் சி ஸ்பேனரால் ஒரு படி கூட்டி மறுபடியும் அளங்கள். இரு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும்.

இனித் துள்ளல். சீட்டின் பின்பகுதியை இரு கைகளாலும் பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரே மூச்சில் மேலே வந்து அடங்கினால் ஷாக் நலம். ஊஞ்சல்போல இரண்டு மூன்று முறை ஆடினால், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க வேண்டிய உள் ஆயில் வேலை செய்யவில்லை என்று பொருள். தண்டில் எண்ணெய்க் கசிவும் தெரியலாம். அந்த நிலையில் ஸ்பிரிங்கை மேலும் அழுத்தினால், அது இன்னும் வேகமாக உதைத்துத் தள்ளும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே போய்விடுவதால், லேசான பின் சக்கரம் சாலையை விட்டு எழும்பும். 38,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக் என்பதால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வலுவாக இருக்கிறது. இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டயர் காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது, செயின் கவர் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருவருக்கென்று கொடுத்திருக்கும் அளவை வையுங்கள்.

ஹேண்டில் பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட்டையும் விட்டுவிடாதீர்கள். வளைவில் தள்ளாடுகிறது என்று என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. அதற்குள் உரிமையாளர் இரண்டு டயர்களையும் புதிதாக மாற்றியிருந்தார். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில் பாரை இரண்டே விரல்களால் மெல்லத் திருப்பினேன். நேர்நிலைக்கு வந்ததும் ஏதோ பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல் நின்றது. கொஞ்சம் தள்ளினால்தான் வெளியே வந்தது. குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துக் கிண்ணத்தில் குழி விழுந்திருந்தது. கோன் செட் மாற்றியதும் வண்டி சொன்னபடி கேட்டது. உங்கள் வண்டியிலும் இதைச் செய்து பாருங்கள். அப்படியே ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று தட்டினால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது தட்டினால் அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையோ சக்கர பேரிங்கையோ பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி, பழகிய ஒரே வளைவில் நிதானமாக ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். மலையிலிருந்து திரும்பியதும் ஷாக்கைப் பழைய படிக்கே இறக்கிவிடுங்கள். இருவருக்கு வைத்த உயரத்தில் தனியாக ஓட்டினால், ஒவ்வொரு வேகத்தடையும் நேராக முதுகுத்தண்டில் இடிக்கும்.